கூத்துன்னா கேவலமா?

இத்தாலியின் சில்வானோ புசோட்டி (1931–2021) இசையமைப்பாளர், ஓவியர், நடிகர், இயக்குநர். 'ஒரே ஆளா!'ன்னு வாயைப் பிளக்கிறோம். பிளக்கலாம், தப்பில்ல.

ஆனா நம்ம தூத்துக்குடி காட்டுநாயக்கன்பட்டியில 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்? நாடகம் எழுதினார், பாட்டு கட்டினார், எமனா, சனீஸ்வரனா நடிச்சார். 1918-ல் மதுரையில் பாலர் சபை தொடங்கி டி.கே.எஸ். சகோதரர்களை உருவாக்கினார். அவரை 'நாடகத் தலைமை ஆசிரியர்'னு சொல்லி முடிச்சிட்டோம். இசையமைப்பாளர்னு சொல்ல ஏன் வாய் வரலை?

காரணம் சிம்பிள். அவர் பாட்டு கேக்குறது சபாவில இல்ல. திருவிழா மேடையில, விடிய விடிய, 'வள்ளி திருமண'த்துல. ஏசி ஹால்ல பாடினா சங்கீதம், பொட்டல்ல பாடினா வெறும் கூத்தா?

பின்னூட்டத்துல திட்டுங்க மக்கா. அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உக்காந்து கேட்டுட்டு வாங்க.