‘மாத்திடலாமே’ என்கிற வியாதி

“பழைய பைப் ஆர்கனோடு எதுக்கு மல்லுக்கட்டணும்? ஒரு டிஜிட்டல் ஆர்கன், நாலு ஸ்பீக்கர், வேலை முடிஞ்சது.” தேவாலய ஆர்கனைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்ற பேச்சு வந்தாலே இந்தக் குரலும் வந்துவிடுகிறது. இப்படிப் பேசுவோரில் பலர் என் தொழில்காரர்கள். கோட் எழுதிப் பிழைப்பவனாகவே சொல்கிறேன்: இது சோம்பேறி வாதம்.

பாரிஸின் நோத்ர்-தாம் பேராலயத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பெரிய ஆர்கனில் ஏறக்குறைய 8,000 குழாய்கள், ஐந்து கீபோர்டுகள். 1868இல் அரிஸ்தீத் கவாயே-கோல் புதுப்பித்துக் கட்டியது; 18ஆம் நூற்றாண்டுக் குழாய்களும் அதில் உண்டு. 1992இல் முடிந்த புனரமைப்பில் அதற்குக் கணினி பொருத்தினார்கள். 2010களில் அந்த மின்னணு அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அதாவது, கிழடு தட்டியது குழாய் அல்ல, நம்ம சரக்கு.

2019 ஏப்ரல் 15 தீயில் கூரை எரிந்தது, ஆர்கன் எரியவில்லை. ஆனால் ஈயத்தூசி படிந்துவிட்டது. 2020இல் குழாய் குழாயாகப் பிரித்தார்கள். பட்டறைகளில் சுத்தம் செய்து, திரும்பப் பொருத்தி, பகலில் கட்டட வேலைச் சத்தம் என்பதால் இரவுகளில் உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். 2024 டிசம்பர் 7 அன்று மறுபடி ஒலித்தது. பிரிக்க முடிந்ததால்தான் பிழைத்தது. தோல் கிழிந்தால் புதுத்தோல் ஒட்டலாம், குழாய் நசுங்கினால் நிமிர்த்தலாம். டிஜிட்டல் பெட்டியின் சிப் செத்து, தயாரித்த நிறுவனமும் கைகழுவிவிட்டால் என்ன செய்வீர்கள்? தூக்கித்தான் போடணும்.

செலவு ஆகாதா? ஆகும். முப்பது பேர் கூடும் சின்னச் சபை கையில் காசில்லாமல் டிஜிட்டல் வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். காசிருந்தும் அதை ‘நவீனமாக்கல்’ என்று விற்பவர்களோடுதான் என் சண்டை.

இன்னொரு கூட்டம் உண்டு: எரிந்த பிறகு கண்ணீரோடு நன்கொடை தருபவர்கள். வருஷாவருஷம் நடக்கும் பராமரிப்புக்கு அவர்களிடம் பத்துப் பைசா பெயராது, அதில் பெயர்ப்பலகை வைக்க முடியாதே. ஆனால் ஆர்கன் சாவது பெரும்பாலும் தீயால் அல்ல, கவனிப்பார் இல்லாததால். வெயில் ஏறினால் புல்லாங்குழல் மாதிரி ஊதும் குழாய்களின் சுருதி ஏறும். ஹார்மோனியம் மாதிரி உலோக நாக்கு அதிரும் குழாய்கள் அந்த அளவுக்கு ஏறாது. இரண்டும் பிசகும். ஒருவர் கீயை அழுத்த, இன்னொருவர் உள்ளே நுழைந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். அந்தக் காது யூட்யூப் பார்த்து வராது. பல வருஷம் ஆசான் பக்கத்தில் நின்று வருவது. வேலை கொடுக்காமல் ஒரு தலைமுறையை விட்டுவிட்டால், பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் பழுதுபார்க்க ஆள் கிடைக்காது.

ஆகவே அடுத்த முறை யாராவது “மாத்திடலாமே” என்று ஆரம்பித்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: புதுசாக வாங்குவதை முப்பது வருஷம் கழித்து யார் திறந்து சரிசெய்வார்? பதில் இல்லையென்றால், அவர் உங்களுக்கு விற்பது தீர்வு அல்ல, இன்னொரு பில்.