பேரனுக்கு எட்டாத பேச்சு

பாலு மகேந்திரா இறுதியாக இயக்கிய 'தலைமுறைகள்' 2013 டிசம்பரில் திரைக்கு வந்தது. 2014 பெப்ரவரி 13ஆம் நாள் அவர் காலமானார். இடையில் இருந்தவை இரண்டு மாதங்கள் தாம். படத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய வேளையில் அதை ஆக்கியவரின் மறைவைப் பற்றியே எல்லாரும் பேசினோம். இரங்கலுரைகளின் மிகுதியில், அப்படம் எழுப்பிய கேள்வி ஒன்று கேட்பாரற்றுப் போயிற்று. அந்தக் கேள்வி இந்நாட்டின் மேற்குக் கரையில் வாழ்வோரை நேரே நோக்குவது. ஆகையால், காலந் தாழ்த்தியேனும் அதை எடுத்துக்கொள்கிறேன்.

கதை எளியது. கிராமத்தில் வாழும் ஒரு முதியவர், தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் பட்டணத்தில் மருத்துவன். கிறிஸ்தவப் பெண் ஒருத்தியை மணந்தமையால் தந்தைக்கும் அவனுக்கும் பல ஆண்டுகள் பேச்சில்லை. தந்தை நோயுற்றதை அறிந்து மகன் வருகிறான். பின்னர் மருமகளும் பேரனும் வருகிறார்கள். பேரனுக்குத் தமிழ் தெரியாது; பாட்டனாருக்கு ஆங்கிலம் தெரியாது. சாதியையும் சமயத்தையும் இறுகப் பற்றிய ஒரு நெஞ்சம், மொழியில்லாத ஒரு குழந்தையின் முன் சிறிது சிறிதாக இளகுவதே படம்.

பாட்டனாராக நடித்தவர் பாலு மகேந்திராவே. தொப்பியின்றி அவரைக் கண்டவர் அரிது. இப்படத்தில் அத்தொப்பியைக் கழற்றிவிட்டு, முதுமையை மறைக்காமல் நிற்கிறார். இளையராஜாவின் இசை அடங்கி ஒலிக்கிறது. சில இடங்களில் மௌனத்துக்கே இடம் விட்டுவிடுகிறது. குறையும் இல்லாமலில்லை. ஆசிரியர் தொழிலின் குரல் கதையை மீறித் தலைதூக்கும் இடங்கள் உண்டு. மருமகளின் உள்ளம் படும் பாட்டை இன்னும் ஆழ்ந்து காட்டியிருக்கலாம். புகுந்த வீட்டில் வரவேற்பில்லாதவள் அவள், அவளுடைய நியாயம் நமக்கு அரைகுறையாகவே கேட்கிறது. 1988இல் வந்த 'வீடு' என்ற அவரது படத்தில் சொக்கலிங்க பாகவதர் ஏற்ற பாட்டனார் பாத்திரம் இதனினும் நுண்ணியது என்பது என் எண்ணம். இரண்டு பேத்திகளோடு வாடகை வீட்டில் வாழும் அக்கிழவர், கட்டி முடியாத வீட்டைக் காண வரும் காட்சியில் வசனத்துக்கு வேலையே இல்லை.

'தலைமுறைகள்' தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதைப் பெற்றது. பாலு மகேந்திரா மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்தவர் என்பது வாசகர் அறிந்ததே. அவருடைய புகழ்பெற்ற படங்களுள் எதுவும் இலங்கையைக் களமாகக் கொண்டதன்று. ஆயினும், பாட்டனும் பேரனும் ஒருவர் சொல் ஒருவருக்கு எட்டாமல் எதிரெதிரே அமர்ந்திருக்கும் காட்சியைப் பார்க்கையில் என் நினைவு தமிழ்நாட்டுக் கிராமத்தில் நிற்கவில்லை. நீர்கொழும்பைக் கடந்து மகாஓயாவுக்கு வடக்கே, வென்னப்புவ, மாரவில, சிலாபம் என நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் போய் நின்றது.

அக்கரையில் உள்ள கத்தோலிக்க மீனவர் குடும்பங்கள் பலவற்றில் இக்கதை ஒரு வீட்டுக் கதையன்று, ஊர்க் கதை. வீட்டிலும் கடலிலும் கோயிலிலும் தமிழே பேசிய பரம்பரை அது. கடந்த நூற்றாண்டில் அவர்களுடைய பாடசாலைகளின் போதனா மொழி சிங்களமாயிற்று. பிள்ளைகள் சிங்களத்தில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிங்களத்திலேயே சிந்திக்கத் தொடங்கினார்கள். அடித்தவரில்லை, துரத்தியவரில்லை, ஒரு வாங்கும் ஒரு கரும்பலகையும் போதுமானவையாய் இருந்தன. இன்று அவ்வூர்களில் முதியோர் சிலரின் செபத்திலும், வலை இழுக்கும்போது வரும் சில சொற்களிலும், கோபம் வந்தால் வாயில் வரும் வசவிலும் தமிழ் எஞ்சியிருக்கிறது. பேரர்கள் அவர்களைச் 'சீயா' என்று அழைக்கிறார்கள். ஆச்சிமார் மட்டும் ஆச்சிமாராகவே இருக்கிறார்கள். ஏனெனில் அச்சொல் இரு மொழிக்கும் பொது.

இதற்கு நேர் தெற்கே, நீர்கொழும்பு மீனவரின் தமிழை மொழியியலாளர் தனிப் பேச்சுவழக்காகவே ஆராய்ந்துள்ளனர். சிங்களத்தின் அயலில் நெடுங்காலம் வாழ்ந்ததால், அத்தமிழின் வினைச்சொற்கள் 'நான்', 'அவன்', 'அவர்கள்' என்ற வேறுபாடு காட்டும் விகுதிகளை இழந்துவிட்டன என்கிறார்கள். இலக்கண ஆசிரியர் இதைப் பிழையென்று சிவப்பு மையால் திருத்துவார். நானோ, ஒரு மொழி பிழைத்திருக்கும் பொருட்டுத் தன் அணிகலன்களை ஒவ்வொன்றாக விற்று உண்ட வரலாறாகவே இதைக் காண்கிறேன்.

இம்மாவட்டம் தமிழுக்கு அந்நியமானதன்று. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் பிறந்தவர். தமிழ்ப் புலவர் பெயர்களை உலகுக்கு அறிவித்த ஒரு கத்தோலிக்கர் பிறந்த கரையிலேயே, பாட்டனின் செபம் பேரனுக்கு விளங்காத நிலை நேர்ந்தது. வடக்கே உடப்பில் தமிழ் தழைத்திருக்கிறது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பும் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலும் அதற்குத் துணை நின்றன. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வாழும் முஸ்லிம்களின் வீட்டு மொழியும் பாடசாலை மொழியும் தமிழே.

அங்கேயும் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையில் வேறொரு வெளி உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பற்றி முதியவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பேரனுக்கு விளங்கும். சொல் குறிக்கும் தெருவை அவன் கண்டதில்லை. ஒரு சாராரிடம் நிலம் இருக்கிறது, சொல் இல்லை. மற்றவரிடம் சொல் இருக்கிறது, நிலம் இல்லை. இரண்டுக்கும் அப்பால், புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் சிலர் வாழ்கிறார்கள். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழி அவர்களது அன்றாடப் பேச்சில் இன்று இல்லை. ஆயினும் 'மஞ்ஞா'ப் பாடல்களை அம்மொழியிலேயே பாடுகிறார்கள்.

படத்தின் பாட்டனாருக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. பேரன் அவருடைய கிராமத்துக்கு வந்தான். அவர் கையில் ஓய்வும் ஆசிரியர் பயிற்சியும் இருந்தன. ஒரு சிறுவனுக்கு ஒரு மொழியைக் கொடுத்துவிட்டார். மாரவிலக் கடற்கரையில் வாழும் கிழவரிடம் இதை எதிர்பார்க்க முடியுமா? அவர் தமிழ் பேசக் கற்றாரேயன்றி எழுதக் கற்றவரல்லர். பேரனுக்குப் பரீட்சை சிங்களத்தில், தொழில் சிங்களத்தில், காதலும் சிங்களத்தில். அவனை நோக்கி 'நீ யார் தெரியுமா, உன் மொழி எது தெரியுமா' என்று மேடையேறி முழங்கும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பேரன் எவருக்கும் துரோகம் செய்தவனல்லன். தான் படித்த மொழியில் நேர்மையாக வாழ்கிறான். சீயாவை நோயில் தூக்கிச் சுமப்பவனும் அவனே. அன்புக்கு இலக்கணம் தேவையில்லை என்பதைப் படமும் அறியும். அதன் மிகச் சிறந்த பகுதிகள் பேரன் தமிழ் கற்பதற்கு முன் வருபவை.

ஆனால், கிழவரோடு மறையப் போவது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையை அண்டும், களப்பு நீர் எப்போது நிறம் மாறும், வலையின் மடிக்கும் கயிற்றுக்கும் முடிச்சுக்கும் என்னென்ன பெயர் என்பவை அகராதியில் ஏறாத அறிவு. கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுகளைப் பிரித்தறிந்த நாவு அது. மீன்பிடிக் கொட்டிலைக் குறிக்கும் 'வாடி' சிங்களத்தில் 'வாடிய' என்று குடிபுகுந்து நலமாய் வாழ்கிறது. அதனோடு பிறந்த ஏனைய சொற்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டுமோ என்னவோ.

ஆகவே என் வேண்டுகோள் உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி ஆகிய இடங்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு. சங்கப் பாடலில் வரும் நெய்தல் திணைக்கு உரை சொல்லும் நீங்கள், நான்கு கட்டை தொலைவில் இருக்கும் நெய்தலுக்கு மாணவரை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். சிங்களம் அறிந்த மாணவன் ஒருவனையும் உடன் அனுப்புங்கள். கிழவர் சொல்வதை இவன் தமிழில் எழுதட்டும், அருகிருக்கும் பேரனுக்கு அவன் சிங்களத்தில் சொல்லட்டும். தன் சீயா இத்தனை அறிந்தவரா என்று அப்பேரன் வியக்கும் நாழிகை, ஒருமைப்பாட்டு விருதுகளுக்கு எட்டாத காரியத்தைச் செய்யக் கூடும்.

ஓகஸ்டில் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் கரையெங்குமிருந்து குடும்பங்கள் வந்து கூடும். தமிழிலும் சிங்களத்திலும் செபம் ஒலிக்கும். முதியவர்களை ஓரிடத்தில், அவசரமின்றி, பேச விருப்பமுள்ள மனநிலையில் காண்பதற்கு அதைவிட நல்ல வேளை கிடைப்பது கடினம். ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும்.