அப்பாவின் படம் ஏன் மங்குகிறது?

‘‘அறுவடைக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி மகள், களத்தில் நின்ற அப்பாவைத் தன் செல்போனில் படம் எடுத்தாள். இப்போது அப்பா இல்லை. முதல் வருஷத் திதிக்கு அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மாட்ட நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பியதை ஸ்டூடியோவில் காட்டினால், ‘12-க்கு 18 சைஸுக்கு மங்கிப்போகும்’ என்கிறார்கள். வேறு நல்ல படம் இல்லை. என்ன செய்யலாம்?’’

- வாசகர், புதுப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டம்.

ஸ்டூடியோவில் சொன்னது சரிதான். ஆனால், படம் கெட்டுப்போகவில்லை. வந்த வழியில் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தம்பி மகளின் போனில் அசல் அப்படியே இருக்கும். முதல் வேலையாக, அதை அழிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். போனை மாற்றும்போதுதான் பல வீடுகளில் இப்படிப்பட்ட படங்கள் தொலைகின்றன.

செல்போன் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தால் நீளவாக்கில் சுமார் 4,000 புள்ளிகள் இருக்கும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால், டேட்டா மிச்சமாகட்டும் என்று அது பெரும்பாலும் 1,600 புள்ளிகள் அளவுக்குக் குறைந்துவிடும். போன் திரையில் வித்தியாசமே தெரியாது. 18 அங்குலத் தாளில் பரப்பினால், அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. அசலில் 220-க்கு மேல் கிடைக்கும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும்.

அசலை வாங்க, வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. இணைப்புக் குறியைத் தொட்டு, ‘கேலரி’க்குப் பதிலாக ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியே படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்களுக்கு வந்த படத்தை டாக்குமென்டாக மாற்றி அனுப்பிப் பயனில்லை. போன புள்ளிகள் திரும்பி வராது. 2023 ஆகஸ்ட்டில் வந்த ‘ஹெச்.டி’ வசதி பரவாயில்லை ரகம். அதுவும் அசல் அல்ல. அவர் ஊருக்கு வரும்போது போனையே ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போய், கேபிள் மூலம் ஏற்றிவிட்டால் இன்னும் நிம்மதி.

கூட்டத்தில் நிற்கும் அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவதாக இருந்தால், அசலிலும் புள்ளிகள் குறையும். அப்போது 8-க்கு 10 சைஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தைத் ‘தெளிவாக்கும்’ ஆப்களை நம்ப வேண்டாம். இல்லாத புள்ளிகளை அவை கற்பனையாக நிரப்புவதால், கடைசியில் வேறு யாரோ போலத் தெரிவார்.

இலையில் உள்ள புள்ளி நோயைப் படமெடுத்து, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்புகிறவர்களும் டாக்குமென்டாகவே அனுப்பலாம். பெரிதாக்கிப் பார்க்க அவர்களுக்கும் வசதி.