கம்பைலர் தன் இலையை மடிக்க வேண்டாமா?

மாணவர்களே, ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினியிலோ, அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய மடிக்கணினியிலோ பெரிய சி++ நிரல் ஒன்றைக் கம்பைல் செய்து பார்த்திருக்கிறீர்களா? நெடுநேரம் ஓடும். பிறகு திரையில் ‘கில்ட்’ என்ற சொல்லோடு நின்றுவிடும். உங்கள் நிரலில் பிழை தேடாதீர்கள். நினைவகம் தீர்ந்துபோனதால் லினக்ஸ் இயங்குதளமே கம்பைலரை நிறுத்தியிருக்கும்.

நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவதுதான் கம்பைலரின் வேலை. அதை அது ஒரே மூச்சில் செய்வதில்லை. முதலில் நிரலைப் படித்து, கிளைகிளையாகப் பிரித்து, நினைவகத்தில் ஒரு மரம்போல் அமைக்கிறது. இந்தப் பெயர் எந்த வரியில் வந்தது, அது முழு எண்ணா எழுத்தா என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். மரத்திலிருந்து ஓர் இடைநிலை வடிவம், அதிலிருந்து இயந்திரக் கட்டளை. இடைநிலை வடிவம் தயாரானதும் மரத்துக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. ஆனாலும் அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஏன் அகற்றுவதில்லை? டி மொழியை உருவாக்கிய வால்டர் பிரைட், 2013இல் தம் டிஎம்டி கம்பைலரைப் பற்றி எழுதியபோது இதற்குப் பதில் சொன்னார். கம்பைலர் கொஞ்ச நேரமே ஓடும், வேகம்தான் முக்கியம். ஆகவே அது நினைவகத்தை வாங்கிக்கொண்டே போகும், திருப்பித் தராது. வேலை முடிந்ததும் இயங்குதளம் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் அல்லவா?

இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். நடுவில் அகற்றுவது ஆபத்தான வேலை. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில், சாப்பிட்டவர் இலையை மடித்தால்தான் எடுப்பார்கள். கம்பைலருக்குள் இலை மடிக்கும் பழக்கம் கிடையாது. மரத்தின் ஒரே கிளையை ஐந்தாறு பகுதிகள் சுட்டிக்கொண்டிருக்கலாம். பாயசத்துக்குக் காத்திருப்பவரின் இலையை உருவினால் என்ன ஆகும்? கம்பைலர் நொறுங்கும், அதைவிட மோசம், சத்தமில்லாமல் தவறான கட்டளையை உருவாக்கிவிடும். ஜிசிசி கம்பைலர், யாரும் சுட்டாத துண்டுகளை அவ்வப்போது தேடி எடுக்கிறது. ஆனால் அந்தத் தேடலுக்கும் நேரம் பிடிக்கும்.

ஆனால் ‘கொஞ்ச நேரம்’ என்ற கணக்கு எப்போதும் பொருந்துவதில்லை. டி மொழியில், கம்பைல் செய்யும்போதே சில கணக்குகளைச் செய்து முடிக்கலாம். கணக்கு பெரிதானால், திருப்பித் தராத நினைவகம் மலையாகக் குவியும். 2019இல் டிஎம்டியில் ‘லோமெம்’ என்றொரு தேர்வு வந்தது. கேட்டால் மட்டும் சுத்தம் செய்யும்.

எனக்கு மனத்தாங்கல் அந்தக் ‘கேட்டால்’ என்ற சொல்லில்தான். அப்படியொரு தேர்வு இருப்பது தெரிந்தவர்தானே கேட்பார்? ரேம் மலிவு என்பார்கள். யாருக்கு மலிவு? கம்பைலர் எழுதுபவரின் மேசையில் 64 ஜிபி இருக்கலாம். பி40 குடும்பத்துப் பிள்ளையிடம் 4 ஜிபி இருந்தாலே பெரிது.

துண்டு துண்டாகத் துடைக்கச் சொல்லவில்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மரத்தை மொத்தமாக விடுவிக்க வேண்டும், அதுவும் யாரும் கேட்காமலே. இது நடக்காத காரியமும் அல்ல. கிளாங் கம்பைலரில் 2021இல் செய்த ஒரு மாற்றம் இதைத்தான் செய்கிறது: இயந்திரக் கட்டளை உருவாக்கத் தொடங்குமுன் மரத்தை அழித்துவிடுகிறது. அதே கிளாங், எல்லாம் முடிந்து வெளியேறும்போது எதையும் துடைப்பதில்லை. அதுவும் சரிதான், கடையையே இடிக்கப்போகிறவர் மேசையைத் துடைப்பானேன்? அதுவே நீங்கள் நிரல் எழுதும் மென்பொருளுக்குள் நாள் முழுதும் ஓடும்போது அந்தச் சலுகை செல்லாது.

அடுத்த முறை கம்பைல் செய்யும்போது, இன்னொரு சாளரத்தில் ‘டாப்’ கட்டளையைத் திறந்து, கம்பைலரின் நினைவக அளவு ஏறுவதைக் கவனியுங்கள். கணினி திணறினால் ‘மேக்’ கட்டளையோடு ‘-ஜே1’ சேருங்கள். நான்கு கோப்புகளை ஒன்றாக எடுத்தால் நான்கு கம்பைலர்கள், நான்கு மரங்கள். ஒவ்வொன்றாக எடுத்தால் நேரம் கூடும், ஆனால் ‘கில்ட்’ வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும்.