என்ன சொல்லிக் கூப்பிடட்டும்?



சென்ற இதழில் கூழ் வற்றல் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். வற்றல் ஏன் விரிந்து போகிறது என்று கேட்டவர்களுக்கு அடுத்த முறை அவசியம் பதில் சொல்கிறேன். இந்தத் தடவை மனசில் ஒரு விஷயம் கிடந்து உறுத்துகிறது. அதை உங்களிடம் இறக்கி வைத்தால்தான் எனக்கு அடுப்படி வேலை ஓடும்.

என் பெரியம்மாவுக்கு ஒரு பிள்ளை. என்னைவிடப் பத்து வயசு மூப்பு. சின்ன வயசில் "அண்ணா, அண்ணா" என்று பின்னாலேயே திரிவேன். பதினேழு வயசில் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர், பல வருஷம் கழித்துப் பெரியம்மா காரியத்துக்குப் புடவையும் பூவுமாக வந்து தெருமுனையிலேயே நின்று அழுதார். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அந்தக் குறை என்னை வெகுநாள் அரித்தது. பிறகு ஆள் விட்டுத் தேடி, எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். "அண்ணா" என்று வந்த வாய் "அக்கா" என்று திரும்ப எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. தப்பாகக் கூப்பிட்டுவிட்டு நான் நாக்கைக் கடித்துக்கொள்ளும் போதெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டு, "மெதுவா வரட்டும் விடு" என்பார்.

போன ஆடி வெள்ளியன்று அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் மகளும் லீவுக்கு வந்திருந்தாள். கூடவே ஒரு சிநேகிதி. அந்தப் பெண்ணும் அக்காவைப் போலத்தான் என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துப் பால் பாயசம் வைத்தேன்.

இலை போட்டு உட்கார்ந்ததும் அக்கா பழைய கதை பேச ஆரம்பித்தார். "எங்களை மாதிரி அரவாணிங்களுக்கு அந்தக் காலத்துல..." என்று தொடங்கினாரோ இல்லையோ, அந்தப் பெண் குறுக்கிட்டாள். "அம்மா, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்லை. திருநங்கைன்னு சொல்லணும்."

அக்கா முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நிமிர்ந்து, "உனக்கு நிர்வாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். அவர்கள் வழக்கில் அறுவை சிகிச்சைக்கு அப்படிப் பெயர். அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். "ஆகலைன்னா நீ எப்படித் திருநங்கை? பேரு மட்டும் பெருசா இருந்தாப் போதுமா?" என்றார் அக்கா.

பாயசம் ஆறி ஆடை கட்டியது. இரண்டு பேரும் தொடவில்லை.

கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "அந்த நாள்ல என்னை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு உனக்குத் தெரியும். காது கூசும். முதல் தடவை கூவாகத்துல ஒருத்தர் அரவாணின்னு மரியாதையாச் சொன்னாரு. அன்னிக்குத்தான் எனக்கும் ஒரு பேரு இருக்குன்னு தோணிச்சு. அந்தப் பேரும் தப்புங்கறாளே இந்தப் பொண்ணு" என்றார்.

உள்ளே போனால் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல என்னை ஆம்பளைங்கறாங்க. இங்கே வந்தா நீ முழுசா இல்லைங்கறாங்க. நான் எங்கே போவேன் ஆன்ட்டி?" என்றாள்.

யார் பக்கம் பேசுவது? இரண்டும் அழுகைதான். அன்றைக்கு ராத்திரி மகளும் நானும் வெகுநேரம் பேசினோம். அவள் படித்ததையும் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரதப் போரில் களபலியான அரவானுக்கு, பலிக்கு முன்னால் கண்ணனே மோகினியாக வந்து மாலையிட்டதாகக் கதை. அந்த அரவானை வைத்துப் பிறந்த பெயர் அரவாணி. 1990களின் பிற்பகுதியில் பரவிய சொல் இது. அதற்கு முன்னால் இருந்த ஏச்சுச் சொற்களைத் தள்ளிவிட்டு வந்ததால் மரியாதையான சொல்லாகவே இருந்தது. பிற்பாடு அவர்களுக்குள்ளேயே சிலர், "ஒருநாள் தாலி கட்டி மறுநாள் அறுக்கிற கதையிலிருந்து எங்களுக்கு எதற்குப் பெயர்? எல்லா மதத்திலும் நாங்கள் இருக்கிறோமே" என்று கேட்டார்கள். 2008இல் தமிழக அரசு அவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. அந்தக் காலகட்டத்தில் அரசாங்கமும் பத்திரிகைகளும் திருநங்கை என்ற சொல்லை எடுத்துக்கொள்ள, அது ஊன்றிவிட்டது. பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்பவர்களுக்குத் திருநம்பி என்று வந்தது. ஓரினச்சேர்க்கையாளர் என்பது படுக்கையை மட்டும் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று, இப்போது தன்பாலீர்ப்பாளர் என்கிறார்கள். அதில் மனசும் அன்பும் சேர்கிறது என்பாள் என் மகள்.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் இவர்களுக்காகப் பல உத்தரவுகள் போட்டார். அதைத் தொட்டு 2022இல் தமிழக அரசு, இவர்களை எந்தெந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியலையே வெளியிட்டது. நல்ல காரியம். போலீஸ்காரரும் பத்திரிகைக்காரரும் வாய்க்கு வந்தபடி எழுதாமல் இருக்க அது வேண்டும்தான்.

ஆனால் சகோதரிகளே, அடுத்தவர் என்னை எப்படிச் சொல்லலாம் என்பதற்குச் சட்டம் வேண்டும். என்னை நானே எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதற்கும் ஒருத்தர் பிரம்பு எடுக்கலாமா?

அக்கா கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன்னை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று தானே தீர்மானித்துக்கொள்ளலாம், அதற்கு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஆபரேஷன் என்பது சின்ன விஷயமா? உடம்பு இடம் கொடுக்க வேண்டும், பணம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவள் பெண் இல்லை என்று யாராவது நம்மைச் சொன்னால் சும்மா இருப்போமா?

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சில்வியா ரிவேரா என்று ஒருவர். 1970இல் நியூயார்க்கில், வீடில்லாமல் தெருவில் கிடந்த தம்மைப் போன்ற இளசுகளுக்காக மார்ஷா ஜான்சனோடு சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார். அதன் பெயரில் டிரான்ஸ்வெஸ்டைட் என்ற சொல் இருந்தது. அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட சொல். இன்றைக்கு அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 1973இல் அவர்கள் கூட்டத்திலேயே மேடையேறிய அவரை, சொந்த ஜனங்களே கூச்சலிட்டுப் பேசவிடாமல் செய்யப் பார்த்தார்கள். 2001இல் அவரே அமைப்பை மறுபடி தொடங்கியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஜெண்டர் என்று வைத்தார். அடுத்த வருஷம் காலமானார். வெளியே நின்று ஒருத்தர் திருத்தவில்லை பாருங்கள். காலம் வந்தது, அவரே மாற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் இதையெல்லாம் அக்காவிடம் மெல்லச் சொன்னேன். "கோர்ட்டே சொல்லிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். வேறு பேச்சில்லை. அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்: "நீ வயசுல சின்னவ. அவங்க இந்தப் பேரைச் சம்பாதிக்கப் பட்ட கஷ்டம் உனக்கு இல்லாம இருக்கறதே அவங்களாலதான்." முணுமுணுத்தாள், ஆனால் கேட்டுக்கொண்டாள்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். ஒரு தடவை ஆஸ்பத்திரி வரிசையில் பழைய ஆண் பெயரை உரக்கக் கூப்பிட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லையாம். அந்தப் பெண்தான் கூட்டிக்கொண்டு போனாள். சீட்டு எழுதுகிறவரிடம் தானே முன்னால் நின்று, "இவங்களை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று அக்கா வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லி எழுத வைத்தாளாம். திரும்பி வரும்போது இரண்டு பேரும் வழக்கடித்துக்கொண்டேதான் வந்தார்கள். அக்கா இன்னமும் அரவாணி என்றுதான் சொல்கிறார். அந்தப் பெண் இப்போது குறுக்கிடுவதில்லை. அக்காவும் அந்த இன்னொரு கேள்வியை அதற்கப்புறம் கேட்கவில்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸிலோ கடையிலோ உங்கள் குழந்தை, "அம்மா, அவங்க யாரு?" என்று கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "அவங்க ஒரு அக்கா, வணக்கம் சொல்லு" என்றால் போதும். திருநங்கை என்ற சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். பொதுவில் பேச அது நல்ல சொல். ஆனால் நேரில் பழகுகிறவரிடம், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அவர் சொல்கிறபடி கூப்பிடுங்கள். நாளைக்கு வேறு மாதிரி சொல்லச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். வாய் தவறினால் பரவாயில்லை, மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போகலாம். எனக்கே மூன்று வருஷம் ஆயிற்றே!

அக்கா காலில் புண் இப்போது வற்றி வருகிறது. அடுத்த வெள்ளிக்கு இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்குச் சர்க்கரை போடாமல் தனியாக ஒரு டம்ளர் பாயசம் எடுத்து வைக்க வேண்டும்.

கூழ் வற்றல் அடுத்த இதழில், நிச்சயமாக.