தறிக்குழிக்கும் வெயில் வேண்டும்!

களம்பூர் வயலில் நாற்று நடும் தொழிலாளியை வெயில் வாட்டி எடுக்கிறது. அதே ஊரில், பட்டுத்தறிக் குழியில் கால்களை விட்டு, விடிந்தது முதல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் மேலோ வெயில் படுவதே இல்லை. இதனால் விளையும் கேடு சிறிதல்ல.

எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதைத் தோல்தான் வெயிலில் தயாரிக்கிறது. அது குறைந்தால் எலும்பு வலிக்கும், தசை தளரும். திருப்பதிப் பகுதியில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு, வயலில் உழைக்கும் கிராமத்தாரைவிட நகரத்தாருக்கு இச்சத்து குறைவு என்று கண்டது.

உட்கார்ந்தே உழைப்பவருக்கு உடம்பும் பருக்கிறது. பருமன் பணக்காரர் வியாதி என்பது பழங்கதை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். இவர்களுக்குத் துன்பம் இரட்டிப்பு. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. பருத்த உடம்பில் கொழுப்பிலேயே தங்கிவிடுகிறது. 2000-ல் பாஸ்டன் விஞ்ஞானிகள் ஒரே அளவு புற ஊதா ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தனர். மெலிந்தவருக்கு ஏறியதில் பாதிகூடப் பருத்தவர் ரத்தத்தில் ஏறவில்லை!

எல்லோருக்கும் ஒரே மாத்திரை எப்படிப் போதும்? நம் நாட்டில் வயது வந்தவருக்கு விதித்த அளவு நாளொன்றுக்கு 600 அலகு. பருமனானவருக்கு இரண்டு, மூன்று மடங்கு வேண்டும் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2011-ல் சொன்னது. அதே சங்கம் 2024-ல், பருமன் என்பதற்காக மட்டும் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. பரிசோதனைக் கடைக்காரர் பேச்சில் மயங்கி யாரும் கூலிப் பணத்தை இழக்க வேண்டாம். 60,000 அலகு மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்கவும் கூடாது. மிஞ்சினால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிச் சிறுநீரகம் கெடும்.

"வெயிலில் நில்" என்று புத்தி சொல்வது எளிது. திருப்பதி ஆய்வுகளின்படி பலன் தருவது பகல் 11 முதல் 2 மணிவரை உள்ள வெயில். அந்நேரம் தறியை விட்டு எழுந்தால் கூலி போச்சே! வீட்டுத் தறிக்காரருக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் இல்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: வலியோடு வரும் நெசவாளியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடைபார்த்து, உடம்புக்கேற்ற மருந்தை டாக்டர் மேற்பார்வையில் இலவசமாகக் கொடு! பகலில் சற்று எழுந்து வெளியே வர இடந்தரும் கூலியைக் கொடு! ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் இக்கோரிக்கையைத் தமதாக்கிக் குரல் கொடுக்க வேண்டும்.