பரிசீலனை முடியும் நாள் எது?

"பரிசீலனையில் இருக்கிறது" - இந்த இரண்டு சொற்களைக் கைவசம் வைத்துக்கொண்டு ஒரு மந்திரி தம் பதவிக் காலம் முழுவதையும் ஓட்டிவிட முடியும். உறுப்பினர் கேட்கிறார், மந்திரி பதில் சொல்கிறார், பதில் அச்சாகிறது, அவைக் குறிப்பில் ஏறுகிறது. உறுப்பினர் தொகுதிக்கு வந்து, "கேட்டுவிட்டேன்" என்கிறார். மந்திரி டில்லியில், "பதில் சொல்லிவிட்டேன்" என்கிறார். கேட்டது கிடைத்ததா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம், தோழர்களே!

மதுரையை எடுத்துக்கொள்வோம். நகருக்கு ஒரு பக்கம் தோப்பூர். மறு பக்கம், வைகைக் கரையோரம், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி. தோப்பூரில் எழ வேண்டியது எய்ம்ஸ் மருத்துவமனை. கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து எழுந்தது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பழைய ஊர். முன்னதற்கு டில்லியில் சுகாதார மந்திரி பொறுப்பு. பின்னதற்குக் கலாசார மந்திரி பொறுப்பு. இலாகா வேறு, மந்திரி வேறு, கோப்பு வேறு. பார்லிமெண்டில் வந்த பதில்கள் மட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல இருந்தன!

மருத்துவமனைக் கதையை முதலில் பார்ப்போம். 2015 பிப்ரவரியில் நிதி மந்திரி அருண் ஜேட்லி படித்த பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் என்று அறிவிப்பு வந்தது. அந்த மருத்துவமனை எந்த ஊரில் என்று முடிவு செய்வதற்கே மூன்று ஆண்டுகள் கடந்தன. 2018 ஜூனில் தோப்பூர் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய மந்திரி சபை 1,264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 750 படுக்கை, ஆண்டுக்கு 100 மருத்துவ மாணவர், 60 செவிலிய மாணவியர் என்பது திட்டம். 2019 ஜனவரி 27-ஆம் நாள் பிரதமரே வந்து அடிக்கல் நாட்டினார். 2022 செப்டம்பரில் வேலை முடியும் என்பது கெடு.

அடிக்கல் நின்றது. ஆனால் அடுத்த கல் வரவில்லை. உறுப்பினர்கள் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். ஜப்பான் கடன் வர வேண்டும் என்று பதில் வந்தது. கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். அடிக்கல் நாட்டி இரண்டு ஆண்டுகள் கழித்து! அதற்குள் மதிப்பீடு 1,977 கோடியைத் தாண்டிவிட்டது. கட்டிட வேலை தொடங்கியதோ 2024 மார்ச்சில். அடிக்கல்லுக்கும் வேலை தொடங்கியதற்கும் இடையே ஐந்து ஆண்டுகள். கொத்தனார் தோழரைக் கேளுங்கள். அஸ்திவாரம் தோண்ட ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்ட மேஸ்திரியை அவர் எங்காவது கண்டதுண்டா என்று!

இதற்கிடையில் 2022-இல் 50 மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு நடத்தினார்கள். பெயர் மதுரை எய்ம்ஸ். இருப்பிடம் ராமநாதபுரம்.

"பெரிய காரியம், தாமதம் ஆகத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. அதே 2015 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது ஜம்மு எய்ம்ஸ். அதற்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரி 3. தோப்பூருக்கு ஒரு வாரம் பிந்தியது! அந்த மருத்துவமனை 2024 பிப்ரவரி 20-இல் திறக்கப்பட்டது. அதாவது, ஜம்முவில் திறப்பு விழா முடிந்த பிறகுதான் தோப்பூரில் வேலையே தொடங்கியது. இமாசலப் பிரதேசத்து பிலாஸ்பூரில் 2022-லேயே திறந்தாகிவிட்டது. ஜம்மு மக்களுக்குக் கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சிதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி. தோப்பூருக்கு மட்டும் வெளிநாட்டுக் கடன் என்று முடிவு செய்தது யார்? கடன் கைக்கு வருமுன் அடிக்கல்லுக்கு நாள் குறித்தது யார்? கூடிய 700 கோடிக்கு மேற்பட்ட செலவுக்குப் பொறுப்பு யார்? வட்டியோடு அந்தக் கடனைத் திருப்பிக் கட்டப்போவது மந்திரியின் சட்டைப் பையிலிருந்து அல்ல.

ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் விலை கொடுப்பவர் யார் என்பதை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விருதுநகரிலிருந்தும் தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மதுரை அரசு ராசாசி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அவர்கள்தான். கட்டிலில் இடமில்லாவிட்டால் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களும் அவர்களே. பணம் உள்ளவர் தனியார் மருத்துவமனை வாசலில் காரை நிறுத்துகிறார். அவருக்கு எய்ம்ஸ் 2022-இல் வந்தால் என்ன, 2032-இல் வந்தால் என்ன?

இனிக் கீழடி. "மருத்துவமனை சரி; பழைய பானை ஓட்டுக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று ஒரு மில் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. கீழடியில் கிடைத்தவை எவை என்று பார்த்தால் அவருக்கே பதில் கிடைக்கும். தக்களி, செங்கல் சுவர், உறைகிணறு, சாயத்தொட்டி என்று கருதத்தக்க அமைப்புகள், மணிகள், சுடுமண் பொம்மைகள், பானை ஓடுகள். அந்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். மன்னனின் அரண்மனை அல்ல. நூல் நூற்றவன், பானை வனைந்தவன், செங்கல் சுட்டவன் வாழ்ந்த இடம். தன் பாத்திரத்தில் தன் பெயரை எழுதி வைத்த மனிதனின் ஊர். அந்த எழுத்து எத்தனை ஆண்டு பழையது என்பது உழைப்பவன் வீட்டு வரலாறு. அதைக் கோப்புக்குள் பூட்டி வைத்தால் பூட்டப்படுவது நம் வீட்டுப் பத்திரம்.

2014-இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. தலைமை தாங்கியவர் அமர்நாத் ராமகிருஷ்ணன். இரண்டு பருவங்கள் தோண்டி ஆயிரக்கணக்கான பொருள்களை வெளியே கொண்டுவந்தார். 2017-இல் அவரை அசாமுக்கு மாற்றினார்கள். மூன்றாம் பருவத்தோடு மத்தியத் துறை கையைக் கழுவிக்கொண்டது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்ததை 2019-இல் வெளியிட்டது. தாம் நடத்திய முதல் இரண்டு பருவங்களுக்கான அறிக்கையை, 982 பக்கத்தில், 2023 ஜனவரியில் அமர்நாத் ராமகிருஷ்ணன் துறையிடம் ஒப்படைத்தார்.

பிறகு? இருபத்தேழு மாதங்களுக்கு மேல் மௌனம். 2025 மே மாதம், அறிக்கையில் திருத்தம் வேண்டும் என்று துறை அவருக்கே கடிதம் எழுதியது. தம் முடிவுகளுக்கு ஆதாரம் உண்டு, திருத்தத் தேவையில்லை என்று அவர் பதில் எழுதினார். அடுத்த மாதமே இடமாற்றம்! அந்த ஆண்டு மழைக்காலக் கூட்டத் தொடரில் உறுப்பினர்கள் கேட்டபோது வந்த பதிலின் சாரம் இது: அறிக்கை நிராகரிக்கப்படவில்லை, நிபுணர் கருத்துகளை ஆய்வாளருக்குத் தெரிவித்திருக்கிறோம், இன்னும் இறுதியாகவில்லை. நிராகரிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. திரிசங்கு சொர்க்கம்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அறிக்கையை நிபுணர்கள் சோதிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்று ஒருவர் எழுதினால், எந்த மண்ணடுக்கில், எந்த மாதிரியைக் கொண்டு சொல்கிறாய் என்று கேட்பது ஆராய்ச்சியின் முறை. நம் பெருமைக்கு ஏற்ற தேதி என்பதற்காக நாமே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் எழ இரண்டு ஆண்டுக்கு மேல் ஏன் ஆயிற்று? சந்தேகப்பட்ட நிபுணர் யார்? அவர் எழுதியதை மக்கள் படிக்கலாமா? அறிக்கையை வெளியிட்டு, மறுப்பையும் பக்கத்திலேயே வெளியிட்டால் உலகத்து அறிஞர்கள் நிறுத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஆதிச்சநல்லூரில் என்ன நடந்தது? 2004-லும் 2005-லும் தோண்டினார்கள். அங்கே கிடைத்தவற்றின் காலம் கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் 2019 ஏப்ரலில்தான், அதுவும் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோதுதான், நாடு அறிந்தது. சாதாரண மனிதன் வழக்குப் போட்டால்தான் பானை ஓட்டுக்கு வயது தெரியுமென்றால், மந்திரிக்கு எதற்கு ஒரு கலாசார இலாகா?

இங்கேதான் கேள்வி நேரத்தின் அருமை புரிய வேண்டும். சட்டசபையில் கேள்வி கேட்கும் உரிமை வெள்ளைக்காரன் காலத்தில், 1892-இல், பிச்சை போடுவதுபோலக் கொடுக்கப்பட்டது. துணைக் கேள்வி கேட்கவே 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு தயக்கம்? முதல் கேள்விக்கு அதிகாரி பதில் எழுதிக் கொடுத்துவிடுவார். துணைக் கேள்விக்கு மந்திரியே வாய் திறந்தாக வேண்டும். மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி நாளொன்றுக்கு 20. அவற்றுக்குத்தான் வாய்மொழிப் பதில், துணைக் கேள்வி எல்லாம். மற்ற 230 கேள்விகளுக்கும் எழுத்திலே பதில், அதோடு சரி.

1957-ஐ நினைவூட்டுகிறோம். ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன், ஏழை எளியவர் கட்டிய பிரீமியப் பணத்திலிருந்து ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சம் ரூபாயை ஹரிதாஸ் முந்த்ரா என்ற முதலாளியின் கம்பெனிப் பங்குகளில் கொட்டியது. மக்களவையில் கேள்வி வந்தது. முதல் பதில் வழுக்கியது. விடவில்லை, மீண்டும் கேட்டார்கள். பெரோஸ் காந்தி கணக்கைப் பிரித்து அவையின் நடுவே வைத்தார். அவர் ஆளும் கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். பிரதமர் நேருவின் மருமகன்! நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958-இல் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதைச் சாதித்தது முழக்கம் அல்ல, கணக்கு. அவர் உட்கார்ந்த வரிசையையும் கவனியுங்கள். நம்மவர் மந்திரி நாற்காலியில் இருக்கும்போது நம் உறுப்பினரே எழுந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஏன் இல்லை என்று கேட்டால், மாநிலத் துறையின் அகழாய்வு அறிக்கை எங்கே என்று கேட்டால், அவரைத் துரோகி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கக் கூடாது.

இன்னொன்று நம்மவருக்குக் கசக்கும், கசந்தாலும் சொல்கிறோம். கேள்வி நேரத்தில் கூச்சல் போட்டு அவை ஒத்திவைக்கப்பட்டால் யாருக்கு லாபம்? வாய்மொழிப் பதிலிலிருந்து தப்பிய மந்திரிக்குத்தான். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தபோது எல்லோரும் கொதித்தோம். அதே மணி நேரத்தை நாமே கூச்சலால் ரத்து செய்துகொண்டால் அதற்கு என்ன பெயர்?

பதில் வழுக்கினால் அதைப் பிடித்து நிறுத்த ஒரு கயிறும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று உண்டு. "பரிசீலனையில் இருக்கிறது", "தகவல் திரட்டப்படுகிறது", "கவனிக்கிறேன்" - மந்திரிகள் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் இந்தச் சொற்களே உறுதிமொழிப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றன! சொன்ன மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அவையில் அறிக்கை வைக்க வேண்டும். நீட்டிப்புக் கேட்கலாம்; கைவிட அனுமதி கேட்கலாம்; ஆனால் எழுத்திலே, காரணம் காட்டிக் கேட்க வேண்டும். நம் சட்டசபையிலும் உறுதிமொழிக் குழு உண்டு. பதிலை வாங்கிய உறுப்பினர் அந்தக் குழுவின் கதவைத் தட்டினாரா? அதைத்தான் கிளைக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கேள்வி எண், தேதி, மந்திரி பெயர், சொன்ன பதில், மூன்று மாதம் முடியும் நாள். பதில்கள் பார்லிமெண்டின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கைப்பேசி உள்ள இளந்தோழர் ஒருவர் எடுத்துத் தருவார். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். புரியாத சொல்லைச் சிவப்பு மையால் கோடிடுங்கள். பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் மந்திரி ஒளிந்திருப்பார். உறுப்பினர் ஊருக்கு வரும் நாளில் அந்த நோட்டை அவர் மேசைமேல் வையுங்கள். அடுத்த கூட்டத் தொடருக்கு அவர் கேள்வி அறிவிப்புக் கொடுக்க முழுதாகப் பதினைந்து நாள் வேண்டும். அதை மனத்தில் வைத்து முன்கூட்டியே போங்கள்.